ருவாண்டா மலைச்சரிவில் பதினோரு நாள்

திருச்செங்கோட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறேன். ஒரு வேளைக்கு நூற்றைம்பது பேர் சாப்பிடும் இடம். அதை விட்டுவிட்டு அதுவரை நான் போயிருந்த அதிகபட்ச தூரம் திருப்பதி. அப்படிப்பட்டவளை ஆப்பிரிக்கா வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது என் வீட்டுக்காரரின் வலது கால்.

அவர் பெயர் பழனிச்சாமி. போர்வெல் ரிக் ஆபரேட்டர். எங்கள் ஊரில் ரிக் லாரியோடு வடநாடு போகாத குடும்பத்தைப் பார்ப்பது கஷ்டம். இவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் ஆறு வருடமாக ருவாண்டாவில் குழி போட்டுக்கொண்டிருந்தார். கடலே இல்லாத, திரும்பின பக்கமெல்லாம் மலையாக இருக்கும் சின்ன நாடு. அங்கே இரும்புக் குழாய் ஒன்று உருண்டு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. "ஊருக்குப் போகட்டும், ஆனால் தனியாக அனுப்ப மாட்டேன். யாராவது வந்து கூட்டிப்போங்கள்" என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் மாணிக்கத்தால் ரிக்கை விட்டுவிட்டு வர முடியாது. என் மகள் மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கிளம்பிவிட்டேன்.

கிகாலி விமான நிலையத்திலேயே முதல் சிக்கல். அந்த நாட்டுக்குள் பிளாஸ்டிக் கவர் போகக் கூடாதாம். நானோ பருப்புப் பொடி, சாம்பார் பொடி, வடகம், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கவருக்குள் கவர் போட்டு நூலால் கட்டி எடுத்துப்போயிருந்தேன். அங்கிருந்த அலுவலர் அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதப் பைகளைக் கொண்டுவந்து பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினேன். மிளகாய்த்தூளுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று தும்மல், எனக்கு நான்கு.

"கால் உடைந்தவருக்கா இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இது இல்லாமல்தான் உடைந்தது" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வந்தது. சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

வெளியே மாணிக்கம் நின்றிருந்தான். மல்லசமுத்திரத்துக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். "வாங்கக்கா, மொதல்ல சாப்படலாமுங்க" என்று ஒரு கடைக்கு அழைத்துப் போனான். தட்டில் வேகவைத்த வாழைக்காய், பீன்ஸ் கொட்டை, உருளைக்கிழங்கு, சோறு, ஓரத்தில் கீரை மாதிரி கரும்பச்சையாக ஒன்று. சமைக்கிறவள் என்பதால் அந்தக் கீரையைத்தான் முதலில் தொட்டேன். நிலக்கடலை அரைத்து ஊற்றிய ருசி.

"அது என்னன்னு தெரியுதுங்களா? நம்மூரு குச்சிக்கெழங்குத் தழைங்க" என்றான் மாணிக்கம்.

வாய்க்குள் போனது அப்படியே நின்றது. என் பிறந்த ஊர் நாமகிரிப்பேட்டை. அப்பா குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டவர். கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும்; தழையை ஆடு அளவுக்கு மேல் கடித்துவிட்டால் செத்துப்போகும் என்று குச்சியோடு காவல் நின்றிருக்கிறேன். இவர்கள் அதை உரலில் போட்டுக் கூழாக இடித்து, மணிக்கணக்கில் கொதிக்க வைத்து விஷத்தைப் போக்கிவிடுகிறார்கள். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவர் இருந்த மேற்கு மலைக்குப் பஸ். சீட்டில் உட்கார்ந்ததிலிருந்து ஏற்றமும் இறக்கமும்தான். எங்கள் ஊர் மலை ஒற்றைப் பாறை. வெயிலோ மழையோ, நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கும். இங்கே மலை முழுக்க மண். உச்சி வரைக்கும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் தேயிலையும் பயிர் செய்திருக்கிறார்கள். நடுநடுவே ஒரு பக்கம் மட்டும் தோல் உரிந்தாற்போல் சிவப்பாகத் தெரிந்தது. அது என்னவென்று மாணிக்கத்திடம் கேட்டேன்.

"மலை எறங்குன எடமுங்க" என்றான்.

முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அவன் அதைக் காதில் வாங்கி எனக்குச் சொன்னான். "இவங்க ஊட்டுக்குப் பின்னால மேடுங்களாம். மழை புடிச்சா அக்கா ஊட்டுக்குப் போயித்தான் படுக்கறாங்களாம். அக்கா புருசன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறானாம். மலை மேல உழுகறதுக்கு அந்த மூஞ்சியே தேவலைங்குது அந்தம்மா."

பதினோரு மணிக்குப் பஸ் நின்றது. முன்னால் ரோடு இல்லை. மேலிருந்து மண்ணும் இரண்டு மரங்களும் வந்து குறுக்கே படுத்திருந்தன. யாரும் பதறவில்லை. ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி அந்தப் பக்கம் நடந்தார்கள். அங்கே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அதுதான் அந்த ஊர் ஆட்டோ. ஓட்டுகிறவர் என் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, சேலையைப் பார்த்து யோசித்தார். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன் அண்ணன் பைக்கில் உட்கார்ந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

வீடு சரிவின் பாதியில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை; ஒன்றில் மாணிக்கம். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கிறேன். இளைத்து, தாடி விட்டு, ஆளே வேறாக இருந்தார்.

"ஏம் புள்ள, மெஸ்ஸ ஆரு பாக்கறா?" என்றார்.

"அதுக்குத்தான் இத்தன தூரம் வந்தனா? காலக் காட்டுங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விமானத்துக்கு இன்னும் சில நாள் இருந்ததால் அங்கே தங்கினோம். பக்கத்து வீட்டில் வெஸ்டின் என்று ஒரு பெண். என் வயதுதான், நாற்பத்தெட்டு இருக்கும். புருஷன் இல்லை. கொம்பு நீண்ட ஒரு பசு இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் உடைந்த நாளிலிருந்து காலையில் ஒரு செம்பு பால் கொண்டுவந்து வைப்பவள் அவள்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. ஆனாலும் உரல் ஒன்று போதுமாக இருந்தது. அவளோடு சேர்ந்து குச்சிக்கிழங்குத் தழை இடித்தேன். நான் தாளித்த பருப்பை அவள் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டாள்.

அந்த நாட்டுக்காரர்கள் வானத்தையும் தரையையும் பார்த்துக்கொண்டேதான் எந்த வேலையும் செய்கிறார்கள் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. தூரத்தில் முதல் இடி கேட்டதும் வெஸ்டின் மண்வெட்டியை எறிந்துவிட்டு உள்ளே வருவாள். என் கையிலிருந்த செல்போனை வாங்கி அணைத்து வைப்பாள். அங்கே இடி விழுந்து சாகிறவர்கள் அதிகமாம். ஒரு காலையில் காபி டம்ளர் தானாகக் கிலுகிலுவென்று ஆடியது. நான் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் பல் துலக்குவதைக்கூட நிறுத்தவில்லை. எல்லைப் பக்கம் எரிமலைகள் இருக்கின்றன, பூமி அவ்வப்போது இப்படிச் செய்யும் என்றார் என் வீட்டுக்காரர்.

"கெழக்கால போனா நம்மூராட்டத்தான் சரசு. காஞ்சு கெடக்கும். அங்கதான் எங்களுக்கு நொம்ப வேலை. இந்தப் பக்கம் வந்தா தண்ணி சாஸ்தியாகி மலை எறங்கும். ஒரே நாடுதான்."

"தெரிஞ்சுமா இங்க ஊடு புடிச்சீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போர் போட வந்தம். வேற ஊடு கெடைக்கல" என்றார்.

வெஸ்டின் வீட்டுச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் ஒரு அடையாளம் இருந்தது. ஆபத்தான இடம், காலி செய்ய வேண்டும் என்று அர்த்தமாம். கீழே சமதளத்தில் வீடு கட்டித் தருகிறார்கள், முடிந்ததும் போவேன் என்று மாணிக்கத்திடம் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டுச் சுவரைச் சுற்றிப் பார்த்தேன். அடையாளம் இல்லை. அது ஒரு ஆறுதலாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபது அடி என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் பிடித்த மழை விடவில்லை. ஆறாம் நாள் காலையில் முன்வாசல் கதவு சாத்தவில்லை. மழையில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்து, தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் சரியாக இருந்தது, மேல்மூலை இடித்தது. விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன்.

பத்து மணிக்கு வெஸ்டின் ஒரு குடத்தோடு வந்தாள். எங்களுக்கு மேலே பாறை இடுக்கில் ஊற்று ஒன்று உண்டு. எத்தனை மழையிலும் கண்ணாடி மாதிரி வரும் தண்ணீர். குடத்தைக் கட்டில் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் டீ மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் கையை விட்டு அடியில் படிந்ததை அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்தார். முப்பது வருடமாகப் பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பிழைத்தவர்.

"மாணிக்கம், கதவு சேருதா பாரு" என்றார்.

"காலையிலிருந்தே சேரலீங்க. ஒப்பியிருக்குது" என்றேன் நான்.

"ஒப்பல. ஊடு நவுந்திருக்குது. மண்ணு உள்ளுக்குள்ள வேலையாரம்பிச்சிருச்சு. கெளம்பு."

"மழை சித்த உடட்டுங்க. இந்தக் கால வெச்சுக்கிட்டு எப்படிங்க எறங்கறது?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள், மாணிக்கம் சொன்னதைக் கேட்டு வெஸ்டின் வெளியே போய்விட்டாள். மழையிலேயே சரிவு முழுக்கக் கூவிக்கொண்டு ஓடியது கேட்டது. கால் மணி நேரத்தில் நான்கு ஆண்கள் வந்தார்கள். நீளமாகப் பின்னிய மூங்கில் கூடை, இரண்டு பக்கமும் கழி. நோயாளிகளை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்காக ஊருக்கு ஊர் வைத்திருக்கிறார்களாம். அதில் அவரைப் படுக்கவைத்தார்கள். மாவுக்கட்டு நனையாமல் இருக்கக் காலின் மேல் குடையை விரித்துக் கட்டினேன்.

நான் எடுத்துக்கொண்டது இரண்டு பாஸ்போர்ட்டும் சாம்பார் பொடிப் பையும். பொடியை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இறங்கினோம். வழி வழுக்கியது. தூக்குகிறவர்கள் நிற்காமலே தோள் மாற்றினார்கள்; பின்னால் வருகிறவன் முன்னால் வர, கூடை ஒரு விரல்கூடச் சாயவில்லை. முதுகில் குழந்தைகளைக் கட்டிய பெண்கள், பாத்திரம் சுமந்தவர்கள், கோழியை அக்குளில் இடுக்கியவர்கள் என்று சரிவே காலியாகி எங்களோடு வந்தது. நான் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் யாரோ ஒரு கை முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு முன்னால் போனது. முகம் பார்க்க நேரமில்லை.

எதிர்ப்பக்க மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகியிருக்கும். இவர்கள் போர் போட்டுக்கொண்டிருந்த அதே பள்ளிக்கூடம். ரிக் லாரி மைதானத்தில் நனைந்துகொண்டிருந்தது. வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவரைப் படுக்கவைத்தோம். வெஸ்டின் வீடு வீடாகப் பெயர் சொல்லி ஆட்களை எண்ணினாள். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று ஆனதும் மாணிக்கத்திடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி மழைக்குள் இறங்கினாள்.

"எங்க போறா?"

"மாட்ட அவுக்கறதுக்குங்க" என்றான் மாணிக்கம். "வேண்டாம்னு சொன்னேன். கேக்கல."

அவள் போய் ஒரு மணி நேரம் இருக்கும். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கொட்டி நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை, கூடிக்கொண்டே போனது. ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்ச் சரிவின் நடுப்பகுதி மட்டும், மரங்கள் நின்ற கோலத்திலேயே, மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. எங்கள் தகரக் கூரை ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு அந்த இடத்தில் சிவப்பு மண்தான்.

ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வெஸ்டினு?" என்றார். "எனக்கு ஆளு கூப்புட்டு உட்டுட்டு மாட்டுக்குப் போயிருக்கறா பாரு. மொதல்லயே அதப் புடிச்சிருந்தா..." அவர் அழுது நான் பார்த்தது அவர் அம்மா இறந்தபோது ஒரு முறை. அன்றைக்கு இரண்டாவது.

மாணிக்கமும் சில ஆண்களும் மண்ணின் ஓரம் வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்துத் திரும்பினார்கள். ஒரு மணி நேரம் போனது. மழை தூறலாகக் குறைந்தது. நான் கதவருகே நின்று அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாயிற்று.

அப்போது பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், யாரும் எதிர்பார்க்காத திசையில், ஒரு பெண் உரக்கத் திட்டும் சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடினோம். மேட்டு வழியாக வெஸ்டின் வந்துகொண்டிருந்தாள். இடுப்பு வரை சேறு. ஒரு கையில் கயிறு, அந்த முனையில் பசு. அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

மாணிக்கம் சிரிப்பும் அழுகையுமாக எனக்குச் சொன்னான். "கீழ வாடின்னு இழுத்தாளாம், வரமாட்டேன்னு மேல ஏறிருச்சாமுங்க. கயித்த உட மனசில்லாம பின்னாலயே போயிட்டாளாம். உச்சிக்குப் போனப்பறம் பொறத்தால சத்தம் கேட்டுச்சாம். ஒரு மலையச் சுத்த உட்டுட்டயே சனியனேன்னு திட்டறாளுங்க."

நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். என் சேலையெல்லாம் சேறானது. அவள் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பசுவைக் கட்ட இடம் எங்கே என்று பார்த்தாள்.

அந்தச் சரிவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. வீடுகள் ஒன்பது போயின. எங்கள் காவிரிக் கரையிலும் குமாரபாளையத்தில் தண்ணீர் ஏறினால் ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து படுப்பது உண்டு. ஆனால் தண்ணீர் வடிந்ததும் திரும்பிப்போக அங்கே ஒரு வீடு இருக்கும். இங்கே திரும்பிப்போக மலையே இல்லை.

ஏழாம் நாள் காலையில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் மண்வெட்டியோடு வந்து ரோட்டு மண்ணை அள்ள ஆரம்பித்தார்கள். மாதம் ஒருநாள் ஊர் முழுக்கச் சேர்ந்து பொது வேலை செய்கிற பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. இது அந்த நாள் இல்லை என்றாலும் கைகள் பழகியிருந்தன. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் பெரிய அண்டா இருந்தது. பீன்ஸ் கொட்டையை வேகவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கரண்டியைக் கேட்டு வாங்கினேன். நூற்றைம்பது பேர் என்பது என் அன்றாடக் கணக்கு. சாம்பார் பொடி முழுவதும் அதில் போனது. மண் அள்ளிக் களைத்து வந்தவர்கள் முதல் வாய் வைத்ததும் தண்ணீர் தேடி ஓடினார்கள். பிறகு வந்து மறுபடி தட்டை நீட்டினார்கள்.

ஒன்பதாம் நாள் ரோடு திறந்தது. கூடைக்காரர்கள் நால்வரும் வந்து அவரைக் கார் வரை தூக்கிவந்தார்கள். வெஸ்டின் பால் செம்பைக் கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை நின்று, காலிச் செம்பை வாங்கிக்கொண்டு, "கொமேரா" என்றாள். திடமாக இரு என்று பொருளாம். வீடு போனவள் வீடு இருப்பவளுக்குச் சொன்னாள். கிகாலியில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, இத்தனை ஆட்டத்திலும் எலும்பு அசையவில்லை, நன்றாகத் தூக்கியிருக்கிறார்கள் என்றார். பதினோராம் நாள் விமானம் ஏறினோம்.

கோவையிலிருந்து கார். பவானி தாண்டி, சங்ககிரிப் பக்கம் வந்தபோது வெயில் கொளுத்தியது. இரண்டு பக்கமும் தட்டையாக, தென்னையும் காய்ந்த சோளத்தட்டும் புழுதியுமாக, கண்ணுக்கு எட்டிய வரை நிலம் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தவள் தூங்கிப்போனேன். பத்து நாளில் அப்படித் தூங்கியதில்லை. ஊர் வந்து மகள் கதவைத் திறந்து எழுப்பினாள்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம், ஒரு மாலையில், மாணிக்கம் வீடியோவில் கூப்பிட்டான். பக்கத்தில் வெஸ்டின். கீழே சமதளத்தில் புது வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டதாம், காட்டினாள். பசுவையும் காட்டினாள். என் வீட்டுக்காரர் கட்டை ஊன்றி நான்கு அடி நடந்து காட்டினார். அவள் கை தட்டினாள். பிறகு எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்றாளாம். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், கோயில் மலை இல்லாத பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். வரிசையாக நிற்கும் ரிக் லாரிகள், அதற்கு அப்பால் அடிவானம் வரை வெறும் சமவெளி.

அவள் முகம் மாறிவிட்டது. மாணிக்கத்திடம் கவலையாக ஏதோ கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ஏறிக்கறதுக்கு ஒரு மேடுகூட இல்லையேங்கறாக்கா. மழை வந்தா எங்க ஓடுவீங்கன்னு கேக்கறா."

மாடிக் கொடியில் மெஸ் பிள்ளைகளின் துண்டும் எங்கள் துணிமணியும் ஆடிக்கொண்டிருந்தன.

"காயப்போட்ட துணிய எடுக்கறதுக்கு மட்டுந்தான் ஓடுவமுன்னு சொல்லு சாமி" என்றேன்.

அவன் சொன்னான். அவளுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். படம் நின்று போன பிறகும் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.